செப்டம்பரிலேயே வந்த உறுதிமொழி: மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கட்டணச் சலுகை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கட்டணத்தைக் குறைத்தால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு வந்துவிடுவார்கள் என்று எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். குறைத்த பிறகும் வராமல் இருந்தால்? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அதுதான் நடந்தது. அந்த மாநிலத்தின் முதன்மையான அரசுப் பல்கலைக்கழகம், வருமானம் குறைந்த உள்மாநில மாணவர்களில் பெரும்பாலோருக்குக் கல்விக் கட்டணத்தை முழுசாக ஈடுகட்டும் அளவுக்கு உதவித்தொகை கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் நல்ல மதிப்பெண் எடுத்த ஏழைப் பிள்ளைகளில் நான்கில் மூன்று பேர் அங்கே விண்ணப்பம்கூடப் போடவில்லை.

2015ல் பல்கலைக்கழகம் ஒரு காரியம் செய்தது. உதவித்தொகையைக் கூட்டவில்லை. அந்த மாணவர்களுக்கு எப்படியும் கிடைக்கக்கூடிய அதே தொகையை, அவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே, எந்தப் படிவமும் கேட்காமல், ஒரு கடிதத்தில் உறுதியாகச் சொன்னது. கடிதம் போகாத மாணவர்களில் 26 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள். கடிதம் போனவர்களில் 68 சதவீதம் பேர்.

கல்விக் கட்டணச் சலுகை பற்றி நான் படித்தவற்றில் இந்த அளவுக்கு யோசிக்க வைத்த நிகழ்வு வேறு இல்லை. அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

யாருக்கான பல்கலைக்கழகம்?

மிச்சிகன் பல்கலைக்கழகம் 1817ல் டெட்ராய்ட்டில் தொடங்கியது. 1837ல் ஆன் ஆர்பர் என்ற சிறு நகரத்துக்கு இடம் மாறியது. மருத்துவம், பொறியியல், சட்டம் என்று எந்தத் துறையை எடுத்தாலும் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் இடம். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் மாநில மக்களின் வரிப்பணத்தில் வளர்ந்தது. 1960களில் அதன் பொதுச் செலவில் முக்கால் பங்கு அளவுக்கு மாநில அரசு கொடுத்துவந்தது. அந்தப் பங்கு ஆண்டுக்காண்டு தேய்ந்து, 2010களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. அந்த இடைவெளியை நிரப்பியது மாணவர்களின் கட்டணம், அதிலும் பல மடங்கு கட்டும் வெளிமாநில மாணவர்களின் கட்டணம்.

டெட்ராய்ட்டிலும் ஃப்ளின்ட்டிலும் கார் தொழிற்சாலைகள் மூடப்பட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் நொடிந்துகொண்டிருந்த அதே காலம் அது. ஒருபக்கம் வேலை போனது. மறுபக்கம் தங்கள் மாநிலத்துப் பல்கலைக்கழகத்தின் கட்டணப் பட்டியல் ஏறிக்கொண்டே போனது.

பொருளியலாளர் ராஜ் செட்டியின் குழு 2017ல் வெளியிட்ட தரவுகள் இந்த நிலைமையைப் பளிச்சென்று காட்டின. ஆன் ஆர்பரில் படித்த மாணவர்களின் குடும்ப வருமானத்தை வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் தொகை ஆண்டுக்கு 1,54,000 டாலர். நாட்டிலேயே மிகவும் பணக்காரர்களான ஒரு சதவீதக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் 9 சதவீதத்துக்கும் மேல். அடித்தட்டில் உள்ள 20 சதவீதக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் 4 சதவீதம்கூட இல்லை. இது தனியார் பல்கலைக்கழகம் இல்லை, அரசுப் பல்கலைக்கழகம் என்பதை நினைத்துப் பார்த்தால் மனசு ஆறவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2006ல் மிச்சிகன் வாக்காளர்கள் ஒரு சட்டத் திருத்தத்தை நிறைவேற்றினார்கள். அதன்படி அரசுப் பல்கலைக்கழகங்கள் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. 2014ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அந்தத் தடை செல்லும் என்றது. மாணவர் கூட்டம் மாநிலத்தின் முகமாக இருக்க வேண்டும் என்று விரும்பிய நிர்வாகத்துக்கு, வருமானத்தின் வழியாகப் போவது கையில் மிஞ்சிய முக்கியமான பாதைகளில் ஒன்று.

பட்டியலில் ஒரு விலை, கையில் ஒரு விலை

2015 வாக்கில் உள்மாநில மாணவர் ஒருவருக்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் சுமார் 14,000 டாலர். விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்தால் 28,000 டாலர் அளவில் வரும். பள்ளியில் சலுகை விலை மதிய உணவு வாங்கும் பிள்ளைகள் என்றால், நால்வர் குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் அப்போது சுமார் 45,000 டாலருக்குள் இருக்க வேண்டும். அப்படி ஒரு வீட்டில் அந்த 28,000 என்ற எண்ணைப் பார்த்தவுடன் பேச்சு முடிந்துவிடும்.

ஆனால் அந்த எண்ணை அந்த வீட்டார் கட்டவே போவதில்லை. மத்திய அரசின் பெல் உதவித்தொகை, பல்கலைக்கழகத்தின் சொந்த நிதி எல்லாம் சேர்ந்து கல்விக் கட்டணத்தை இல்லாமல் ஆக்கிவிடும், பலருக்கு விடுதிச் செலவிலும் ஒரு பகுதியைக் குறைத்துவிடும். உள்மாநில மாணவர்களின் தேவை முழுவதையும் ஈடுகட்டுவது என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் கொள்கை. சிக்கல் என்னவென்றால், இந்த உண்மையான விலை எப்போது தெரியவரும் என்பதுதான்.

வரிசையைப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தொடக்கத்தில் மாணவர் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு 75 டாலர் கட்டணம். பிறகு மத்திய அரசின் ஃபாஃப்சா என்ற உதவித்தொகைப் படிவம். அந்த நாளில் அதில் நூறுக்கும் மேற்பட்ட கேள்விகள்; அதுவும் ஜனவரியில்தான் திறக்கும். பெற்றோரின் வரிக் கணக்கு, சேமிப்பு, வீட்டில் எத்தனை பேர் என்று போய்க்கொண்டே இருக்கும். ஆன் ஆர்பர் இன்னொரு படிவமும் கேட்கும். சிஎஸ்எஸ் புரொஃபைல் என்று பெயர், இன்னும் விலாவாரியானது. பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால், அப்பா வரிக் கணக்கே தாக்கல் செய்யாதவர் என்றால், அம்மா இரண்டு இடங்களில் மணிக்கூலிக்கு வேலை செய்பவர் என்றால், ஒவ்வொரு கேள்வியும் ஒரு மதில். இவ்வளவும் தாண்டிய பிறகு வசந்த காலத்தில் ஒரு தாள் வரும். அதில்தான் நிகரக் கட்டணம் எவ்வளவு என்று இருக்கும்.

ஆடித் தள்ளுபடி பலகையைக் கடை வாசலில் வைக்காமல், பில் போடும் மேசைக்குப் பின்னால் மாட்டி வைத்தால் யார் உள்ளே வருவார்கள்? ஏற்கெனவே அந்தக் கடையில் வாங்கிப் பழக்கப்பட்டவர்கள் மட்டும்தான். படித்த பெற்றோர், அனுபவமுள்ள ஆலோசகர், அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே போன பல்கலைக்கழகம் என்று இருக்கிற வீட்டுக்குப் பட்டியல் விலை வேறு, கட்டும் விலை வேறு என்று தெரியும். முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் வீட்டுக்கு யார் சொல்வது?

இது மிச்சிகனுக்கு மட்டும் உரிய கோளாறு இல்லை. கரோலின் ஹாக்ஸ்பி, கிறிஸ்டோபர் ஏவரி என்ற பொருளியலாளர்கள் அமெரிக்கா முழுவதற்குமான தரவை வைத்து முன்பே காட்டியிருந்தார்கள்: நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களில் பெரும்பாலோர், தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் கல்லூரி ஒன்றுக்குக்கூட விண்ணப்பிப்பதில்லை. அருகில் இருக்கும், இரண்டாண்டுப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரியிலோ, பட்டியல் விலை குறைவாக உள்ள சிறு கல்லூரியிலோ சேர்ந்துவிடுகிறார்கள். பல நேரம் அங்கே அவர்கள் கட்டும் தொகை, ஆன் ஆர்பரில் கட்டியிருக்கக்கூடிய தொகையைவிட அதிகமாகவும் இருந்துவிடும். அதிகம் கட்டி, குறைந்த வசதியில் படிப்பது! இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

உறையில் என்ன இருந்தது

அப்போது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த பொருளியல் பேராசிரியர் சூசன் டைனார்ஸ்கி, உதவித்தொகைப் படிவங்களின் சிக்கலைப் பற்றிப் பல ஆண்டுகள் எழுதிவந்தவர். சாதாரணக் குடும்பங்கள் நிரப்பும் எளிய வருமான வரிப் படிவங்களைவிட உதவித்தொகைப் படிவம் சிக்கலானது என்று 2006லேயே ஜூடித் ஸ்காட் கிளேட்டனுடன் சேர்ந்து காட்டியவர். அவரும் கேத்ரின் மிக்கல்மோர், சி.ஜே. லிபாசி, ஸ்டெஃபனி ஓவன் ஆகியோரும் பல்கலைக்கழக நிர்வாகத்தோடு சேர்ந்து வகுத்ததுதான் 'ஹெய்ல்' உதவித்தொகைத் திட்டம்.

யாருக்குக் கடிதம் அனுப்புவது என்பதில்தான் திட்டத்தின் சாமர்த்தியம் இருந்தது. குடும்பத்திடம் எந்தச் சான்றும் கேட்கவில்லை. மாநில அரசின் கல்வித் துறையிடம் ஏற்கெனவே இரண்டு தகவல்கள் இருந்தன. ஒன்று, எந்த மாணவர் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவு பெறுகிறார் என்பது. இரண்டு, பதினோராம் வகுப்பில் எல்லா மாணவர்களும் எழுதும் நுழைவுத் தேர்வின் மதிப்பெண். மிச்சிகனில் 2007 முதல் அரசுப் பள்ளி மாணவர்கள் அனைவரும் அந்தத் தேர்வைப் பள்ளியிலேயே இலவசமாக எழுதுகிறார்கள். முதலில் ஏசிடி, 2016 முதல் எஸ்ஏடி. ஆக, அரசின் கணினியில் கிடந்த இரண்டு பட்டியல்களைச் சேர்த்துப் பார்த்தாலே நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்கள் யார் யார் என்று தெரிந்துவிடும். தானாக வந்து நிரூபிக்க வேண்டிய பாரம் பிள்ளை தலையில் இல்லை.

செப்டம்பர் தொடக்கத்தில், பன்னிரண்டாம் வகுப்பு ஆரம்பித்த கையோடு, அந்த மாணவர்களின் வீடுகளுக்குப் பெரிய உறை ஒன்று போனது. வழக்கமான நீளக் கவர் இல்லை, பல்கலைக்கழகத்தின் மஞ்சளும் நீலமுமான நிறங்களில் கண்ணைப் பறிக்கும் பெரிய உறை. உள்ளே அப்போதைய தலைவர் மார்க் ஷ்லிஸ்ஸலின் கையெழுத்தோடு ஒரு கடிதம். அதன் சாரம் இதுதான்: நீ விண்ணப்பி, இடம் கிடைத்தால் நான்கு வருடக் கல்விக் கட்டணமும் இதர கட்டணங்களும் உனக்கு இலவசம். நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து அதன் மதிப்பு சுமார் 60,000 டாலர். இதைப் பெற உதவித்தொகைப் படிவம் எதையும் நிரப்ப வேண்டியதில்லை. படிவங்களை நிரப்பினால் விடுதிச் செலவுக்கும் உதவி கிடைக்கலாம் என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். விண்ணப்பக் கட்டணம் கட்டாமல் இருப்பதற்கான கூப்பனும் உள்ளேயே இருந்தது. பெற்றோருக்குத் தனியாக ஒரு கடிதம். பள்ளித் தலைமையாசிரியருக்கும் தகவல் போனது.

பெற்றோருக்கும் பள்ளிக்கும் தகவல் அனுப்பியதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. "உனக்கு நாலு வருஷம் இலவசம்" என்று திடீரென்று தபாலில் ஏதாவது வந்தால் முதலில் வருவது சந்தேகம்தான். ஏமாற்று வேலையாக இருக்குமோ என்று பயப்படும் ஒரு குடும்பம் பள்ளியில் போய் விசாரிக்கும். அங்கே தலைமையாசிரியர் "ஆமாம், உண்மைதான்" என்று சொல்ல வேண்டும்.

எண்கள் சொன்னது

இதை நல்ல எண்ணத்தோடு ஒரு விளம்பரமாகச் செய்துவிட்டுப் போயிருந்தால் நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அவர்கள் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுப் பள்ளிகளில் தகுதியுள்ள மாணவர்களுக்கு உறை போனது. மற்றப் பிரிவில் வழக்கமாகப் பல்கலைக்கழகம் அனுப்பும் தகவல்கள் மட்டும். இரண்டு ஆண்டுகளில் வந்த இரு அணிகளையும் சேர்த்துச் சுமார் 4,000 மாணவர்கள் ஆய்வுக்குள் வந்தார்கள்.

விண்ணப்பித்தவர்கள் 26க்கு எதிராக 68 சதவீதம் என்று மேலே சொன்னேன். சேர்ந்து படித்தவர்கள் 12 சதவீதத்துக்கு எதிராக 27 சதவீதம். அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். கல்லூரிச் சேர்க்கை பற்றிய ஆய்வுகளில் இரண்டு மூன்று புள்ளி உயர்ந்தாலே பெரிய வெற்றி என்று எழுதுவார்கள். இது பதினைந்து புள்ளி. கட்டுரை 2021ல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வெளிவந்தது.

கூடுதலாகச் சேர்ந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். கடிதம் வராமல் இருந்திருந்தால், அவர்களில் நான்கில் ஒரு பங்கு எந்தக் கல்லூரியிலும் சேர்ந்திருக்க மாட்டார்கள். மீதிப் பேர் சமுதாயக் கல்லூரியிலோ, இதைவிடச் சாதாரணமான நான்காண்டுக் கல்லூரியிலோ சேர்ந்திருப்பார்கள். அந்த நான்கில் ஒரு பங்கை நினைத்துப் பாருங்கள். ஆன் ஆர்பரில் இடம் கிடைக்கும் அளவுக்குப் படித்த பிள்ளைகள். அவர்கள் பள்ளிப்படிப்போடு நின்றுவிட இருந்தார்கள். அதைத் தடுத்தது ஒரு தபால் உறை.

வெறும் தகவல் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்கும் சான்று இருக்கிறது. 2012ல் வெளியான ஒரு ஆய்வில், வரிக் கணக்கு எழுதித் தரும் ஹெச் அண்ட் ஆர் பிளாக் அலுவலகங்களில் அங்கேயே ஃபாஃப்சா படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் கல்லூரியில் சேர்வது 8 சதவீதப் புள்ளி உயர்ந்தது. உங்களுக்கு இவ்வளவு உதவி கிடைக்கும் என்று தகவல் மட்டும் கொடுத்து அனுப்பிய குடும்பங்களில் எந்த மாற்றமும் இல்லை. பிறகு, கல்லூரித் தகவல் கையேடுகளை ஏழை மாணவர்களுக்கு நாடு தழுவிய அளவில் அனுப்பிப் பார்த்த முயற்சியும் குறிப்பிடும்படி எதையும் அசைக்கவில்லை. உனக்கு உதவி கிடைக்கக்கூடும் என்று சொல்வதும், உனக்கு இது உண்டு என்று சொல்வதும் ஒரு குடும்பத்தின் காதில் வேறு வேறாக விழுகின்றன.

படிவம் ஒன்றைச் சேர்த்தவுடன்

எனக்கு இந்த நிகழ்வில் மிக முக்கியமாகப் படுவது இனிமேல் வருகிறது.

2017ல் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு 'கோ ப்ளூ உத்தரவாதம்' என்ற பொதுத் திட்டத்தை அறிவித்தது. 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. குடும்ப வருமானம் 65,000 டாலருக்குள், சொத்து 50,000 டாலருக்குள் இருந்தால் உள்மாநில மாணவருக்குக் கல்விக் கட்டணம் இல்லை. அந்த வருமான வரம்பு, அன்றைய மிச்சிகன் குடும்பங்களின் வருமானத்தை வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் தொகையை ஒட்டியது. ஆகவே ஹெய்ல் கடிதத்தைவிடப் பல மடங்கு அதிகக் குடும்பங்களுக்குப் பொருந்தும். எல்லோரும் பார்க்கும்படி வெளிப்படையான விதி. நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு வேறுபாடு: இதைப் பெற உதவித்தொகைப் படிவங்களை நிரப்பி வருமானத்தையும் சொத்தையும் காட்ட வேண்டும்.

அடுத்த சோதனையில் இந்த வேறுபாட்டைத்தான் அளந்து பார்த்தார்கள். சில மாணவர்களுக்கு நிபந்தனையற்ற உறுதிமொழி. சிலருக்கு, தேவையை நிரூபித்தால் கட்டணம் இல்லை என்ற உறுதிமொழி. சிலருக்கு இரண்டும் இல்லை. முடிவுகள் 2023ல் வெளிவந்தன. நிபந்தனையற்ற கடிதம் முன்பு போலவே விண்ணப்பத்தையும் சேர்க்கையையும் நன்றாக உயர்த்தியது. நிரூபிக்கச் சொன்ன கடிதம் விண்ணப்பத்தைக் கொஞ்சம்தான் கூட்டியது. சேர்க்கையை அது அசைக்கவே இல்லை.

மறுபடியும் யோசியுங்கள். ஏறத்தாழ ஒரே தொகை. ஒரே பல்கலைக்கழகம். ஒரே மாதிரி ஏழைக் குடும்பங்கள். நடுவில் ஒரு படிவம். அந்தப் படிவத்தை நிரப்பினால் அவர்களில் பெரும்பாலோருக்குச் சலுகை கிடைத்திருக்கும். இருந்தாலும் அந்த 'நிரூபித்தால்' என்ற ஒரு நிபந்தனை சலுகையின் பலத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது.

ஏன் இப்படி? ஆய்வாளர்கள் சொல்வது, நிச்சயமின்மை, உடனடிச் சிரமத்தைப் பெரிதாகப் பார்ப்பது, கையில் இருப்பதை இழந்துவிடுவோமோ என்ற பயம். இதில் பயத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் கையில் பத்து ரூபாய் மிஞ்சாத வீட்டில் 'பெரும்பாலும் கிடைக்கும்' என்பது உறுதி ஆகாது. கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அது அறியாமை இல்லை. சேமிப்பு இல்லாதவர்களுக்கு அதுதான் சரியான கணக்கு. வசதியுள்ள வீடு ஒரு தவறான கணிப்பைத் தாங்கிக்கொள்ளும். இந்த வீட்டால் முடியாது. ஆகவே, உறுதி என்பது ஏழைக்குத் தனியாகவே மதிப்புள்ள பொருள். அந்த உறுதியைக் கொடுக்கப் பல்கலைக்கழகத்துக்குக் கூடுதல் உதவித்தொகை தேவைப்படவில்லை என்பதுதான் இந்த நிகழ்வு கற்றுத்தந்த பெரிய விஷயம்.

தகுதியில்லாதவர்கள் நுழைந்துவிடுவார்களே என்ற நிர்வாகத்தின் கவலை பொய் இல்லை. அரசுப் பணம், கணக்குக் கேட்பார்கள். ஆனால் பள்ளி உணவுப் பட்டியலே அந்த வேலையை ஏறத்தாழச் செய்து முடித்திருந்தது. அந்தப் பட்டியலில் இருந்து ஆன் ஆர்பரில் இடம் கிடைத்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர், படிவம் நிரப்பினாலும் முழுக் கட்டணச் சலுகை பெறக்கூடியவர்களே. விதிவிலக்கான சிலரைப் பிடிப்பதற்காக மற்ற எல்லோரையும் மதில் ஏறச் சொல்வது சரியான பேரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

படிவத்தின் மேல் எவ்வளவு சுமை இருக்கிறது என்பதை அமெரிக்கா முழுவதும் பிறகு கண்கூடாகப் பார்த்தது. ஃபாஃப்சாவை எளிமையாக்கிப் புதிதாக்கியபோது, இடையில் ஜனவரியிலிருந்து அக்டோபருக்கு மாறியிருந்த அந்தப் படிவம் 2023 டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. கோளாறுகளால் கல்லூரிகளுக்குத் தகவல் போவதும் பல வாரம் தள்ளிப்போனது. எவ்வளவு கட்ட வேண்டும் என்று தெரியாமலேயே அந்த வருடப் பிள்ளைகள் பலர் முடிவெடுக்க வேண்டிய நிலை. படிவத்தை நம்பி நிற்கும் சலுகை, படிவம் தடுக்கினால் கூடவே விழுகிறது.

கடிதத்தால் முடியாதவை

இதை ஒரு மந்திரக்கோலாக நான் காட்டினால் தப்பு. விண்ணப்பித்த எல்லோருக்கும் இடம் கிடைக்கவில்லை. சேர்க்கைக்கான தரத்தை யாரும் தளர்த்தவில்லை. நல்ல மதிப்பெண் வாங்கிய பிறகுதான் உறை வரும். பள்ளியே சரியில்லாத ஊரில் அந்த மதிப்பெண்ணுக்கு அருகில்கூட வர முடியாத பிள்ளைகள் எத்தனையோ. அவர்களுக்கு இந்தத் திட்டம் எதுவும் செய்யவில்லை.

ஆன் ஆர்பரில் வாடகை அதிகம். கல்விக் கட்டணம் மொத்தச் செலவில் ஏறத்தாழ பாதிதான். மற்ற பாதிக்கு உதவி உண்டு, ஆனால் அதற்கு மறுபடி படிவம். வீட்டுக்கு மாதம் கொஞ்சம் பணம் அனுப்ப வேண்டிய மூத்த பிள்ளை நாலு வருடம் சம்பாதிக்காமல் இருப்பதன் விலையை எந்தக் கட்டணச் சலுகையும் கணக்கில் எடுப்பதில்லை.

அப்புறம், இது பணக்காரப் பல்கலைக்கழகம். நிறைய வெளிமாநில மாணவர்கள் முழுக் கட்டணம் கட்டுகிறார்கள், பெரிய அறக்கட்டளை நிதியும் இருக்கிறது. அதே மாநிலத்தின் சிறிய அரசுக் கல்லூரிகளிடம் அந்த வசதி இல்லை. ஆன் ஆர்பருக்குப் போன நல்ல மாணவர் அவர்களிடமிருந்து போனவராகவும் இருக்கலாம்.

வேறு இரண்டு வழிகள்

கட்டணத்தைக் குறைக்க வேறு இரண்டு அரசுகள் வேறு விதமாக முயன்றன. சுருக்கமாகச் சொல்கிறேன்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2017ல், ஆண்டு வருமானம் 50,000 கனடிய டாலருக்குக் கீழ் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தை ஈடுகட்டும் அளவுக்குத் திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை கொடுத்தது. ஆட்சி மாறியது. 2019 ஜனவரியில் புதிய அரசு எல்லா மாணவர்களுக்கும் 10 சதவீதக் கட்டணக் குறைப்பை அறிவித்தது, பிறகு கட்டணத்தை உயர்த்தாமல் நிறுத்தியும் வைத்தது. கேட்க இனிக்கிறது. ஆனால் அதே அறிவிப்பில் ஏழைகளுக்கான உதவித்தொகையைச் சுருக்கிக் கடன் பங்கைக் கூட்டினார்கள். படிப்பு முடிந்து ஆறு மாதம் வட்டியில்லாமல் இருந்த சலுகையும் போனது. வசதியுள்ள வீட்டுக்கு 10 சதவீதம் லாபம். முன்பு கட்டணமே கட்டாமல் இருந்த வீட்டுக்கு அந்தக் குறைப்பால் என்ன பயன்? குறைந்த வருமானத்தை அரசு ஈடுகட்டாததால் கல்வி நிறுவனங்கள் வெளிநாட்டு மாணவர்களின் கட்டணத்தை மேலும் மேலும் நம்பின. அவர்களில் பெரும் பங்கு இந்தியாவிலிருந்து போனவர்கள். 2024ல் கனடிய மத்திய அரசு வெளிநாட்டு மாணவர் அனுமதிக்கு வரம்பு போட்டபோது அந்த அடித்தளமும் ஆட்டம் கண்டது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் எடுத்த வழி எனக்குப் பிடித்தமானது. 2016ல் சட்டம் இயற்றி, 2018 முதல் மூன்று அரசுப் பல்கலைக்கழகங்களில் உள்மாநில மாணவருக்குக் கல்விக் கட்டணம் ஒரு பருவத்துக்கு 500 டாலர் என்று வைத்தார்கள். வெளிமாநில மாணவருக்கு 2,500. வருமானச் சான்று இல்லை, படிவம் இல்லை. பல்கலைக்கழகம் இழக்கும் தொகையை மாநில அரசு ஆண்டுதோறும் ஈடுகட்டும். கறுப்பின மாணவர்களுக்கென்று உருவான எலிசபெத் சிட்டி அதில் ஒன்று. லம்பீ பூர்வகுடியினருக்காக 1887ல் தொடங்கிய பெம்புரோக் இன்னொன்று. மூன்றாவது வெஸ்டர்ன் கரோலினா. 2022ல் நான்காவதாக ஃபயட்வில் பல்கலைக்கழகமும் சேர்ந்தது. 2010ல் 3,300 அளவில் மாணவர்கள் இருந்த எலிசபெத் சிட்டி, 2017ல் 1,400 ஆகச் சுருங்கி மூடிவிடுவார்களோ என்ற நிலையில் இருந்தது. சலுகை வந்த சில ஆண்டுகளில் மறுபடி 2,000ஐத் தாண்டியது. 500 டாலர் என்ற எண்ணை ஒரு தாய் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஹெய்ல் கடிதத்தின் பலமும் அதுதான். ஒரு பயமும் உண்டு: சட்டமன்றம் ஒரு வருடம் கையைச் சுருக்கினால் பல்கலைக்கழகத்தின் கழுத்தில் கத்தி. சட்டம் நிறைவேறும் முன் பட்டியலில் இருந்த வேறு சில கறுப்பினப் பல்கலைக்கழகங்கள், அவற்றின் ஆதரவாளர்கள் இந்தப் பயத்தால் எதிர்த்ததால், அப்போது பட்டியலிலிருந்து விலக்கப்பட்டன.

இப்போது

கோ ப்ளூ உத்தரவாதம் 2021ல் ஃப்ளின்ட், டியர்பார்ன் வளாகங்களுக்கும் விரிந்தது. வருமான வரம்பு முதலில் 75,000 டாலராக உயர்ந்தது. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து ஆன் ஆர்பரில் 1,25,000 டாலர் வருமானம், அதே அளவு சொத்து வரை உள்ள குடும்பங்களுக்கு இது பொருந்தும். மாநிலத்தின் பெரும்பாலான குடும்பங்கள் இதற்குள் வந்துவிடும். மனமார வரவேற்கிறேன்.

ஆனால் வரம்பை உயர்த்தும்போது புதிதாக உள்ளே வருபவர்கள் நடுத்தரக் குடும்பங்கள். அவர்கள் படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள், வரிக் கணக்கு கையில் வைத்திருப்பவர்கள். கீழே இருக்கும் குடும்பத்துக்கு 65,000 வரம்பும் ஒன்றுதான், 1,25,000 வரம்பும் ஒன்றுதான். இரண்டுக்கும் முன்னால் அதே படிவம் நிற்கிறது. அவர்களுக்கு வேலை செய்தது செப்டம்பரில் பெயர் போட்டு வந்த கடிதம். பள்ளி உணவுப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கோ ப்ளூ சலுகையைப் படிவம் கேட்காமலேயே உறுதிசெய்துவிடலாம். தரவு மாநில அரசிடம் இருக்கிறது, முறை தெரிந்திருக்கிறது, உதவித்தொகையும் எப்படியும் கொடுக்கப்போவதுதான். மதிப்பெண் வரம்பைக் கொஞ்சம் தளர்த்தி, பன்னிரண்டாம் வகுப்புக்குக் காத்திராமல் ஒன்பதாம் வகுப்பிலேயே அந்தக் கடிதத்தை அனுப்பினால், மதிப்பெண்ணுக்காக உழைக்க ஒரு காரணமும் சேர்ந்து போகும். ஆட்சிக்குழு அடுத்த முறை வரம்பைப் பற்றி விவாதிக்கும்போது இதையும் மேசையில் வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.